டோக்கன் நானூற்றுப் பதினேழு

டூல் ஸ்டோர் ஜன்னல்
ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி.
இருபத்தாறு வருஷம்
மனிதர்களை நான் பார்த்தது அந்த அளவில்தான்:
ஒரு முகம், ஒரு கை,
கையில் ஒரு பித்தளை டோக்கன்.

டோக்கனை ஆணியில் மாட்டு, கருவியைக் கொடு.
கருவி திரும்பினால் டோக்கனைக் கொடு.
கம்பெனியில் இதைவிட நேர்மையான சட்டம்
வேறு இருந்ததாக நினைவில்லை.

நூற்றுப் பன்னிரண்டு, எத்திராஜுலு.
ட்ரில் பிட்டை உடைத்தால்
அரைத்துண்டைத் துணியில் சுற்றி
இரண்டு கையாலும் நீட்டுவார்.
முந்நூற்று நாற்பது கிளாரன்ஸ், கிரைண்டிங் செக்‌ஷன்;
என்ன வேண்டும் என்பதற்கு முன்பே
‘ஸாரி மேடம்’ வந்துவிடும்.
எழுபத்தொன்று காஜா மொய்தீனுக்கு
வலது சுண்டுவிரலில் நகம் இல்லை.
நோன்பு மாதத்தில் அந்த விரல்தான் பேசும்:
எட்டாம் நம்பர் ஸ்பானர், பத்தாம் நம்பர் ஸ்பானர்.

நானூற்றுப் பதினேழு, கன்னியப்பன்.
எண்பத்தொன்பது மார்ச், இரண்டாம் ஷிஃப்ட்.
மைக்ரோமீட்டர் ஒன்று வாங்கினார்,
பூஜ்யம் முதல் இருபத்தைந்து.
திருப்பித் தரவில்லை.
தந்துவிட்டேன் என்றார்.
டோக்கன் ஆணியில் தொங்குகிறதே என்றேன்.
சம்பளத்தில் முந்நூற்றுப் பத்து ரூபாய் பிடித்தார்கள்.

அதற்கப்புறம் பதினோரு வருஷம்
அவர் என் ஜன்னலுக்கு வரவில்லை;
ஹெல்பர் பையனை அனுப்புவார்.
கேண்டீன் வரிசையில் எனக்கு முன்னால் நின்றால்
அவர் முதுகு என்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.

கம்பெனி மூடிய வாரம்
லேத்துகளை மணலிக்காரர் ஒருவர் எடைக்கு எடுத்தார்.
டோக்கன்களையும் போடச் சொன்னார்கள்,
நாலு கிலோ சொச்சம்.
ஒன்றை மட்டும் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.
திருட்டு என்றால் திருட்டுதான்.

ஜனவரி மூன்றாம் ஞாயிறு.
திருவொற்றியூர் தேரடிக்குப் பின்னால்
மண்டபத்து மாடியில் கூடுவோம்.
போண்டா, காபி, முழங்கால் வலி,
இன்னும் வந்துசேராத பிஎஃப் பாக்கி.
பிறகு ஒரு நிமிட மௌனம்.
பட்டியல் எவ்வளவு நீண்டாலும்
மௌனம் அதே ஒரு நிமிடம்தான்.
இந்த வருஷம் பதினேழு பேர்.
ஆளுக்கு மூன்றரை வினாடி.
கணக்குப் போடாமல் நிற்க எனக்குத் தெரியாது.

ஒவ்வொரு வருஷமும்
அந்த டோக்கனைப் பையில் வைத்துக்கொண்டுதான் போவேன்.
கடைசி வரிசையில் அவர் உட்கார்ந்திருப்பார்.
கொடுத்ததில்லை.

பதினோராவது பெயராக அவரைப் படித்தார்கள்.
வெளியே செருப்பு தேடிக்கொண்டிருந்தபோது
ஒரு பெண் வந்தாள்.
‘எர்ணாவூர்ல இருந்து வரேன், கன்னியப்பன் பொண்ணு.
வீட்டுக்கு வெள்ளை அடிச்சோம்.
பரண்மேல அப்பாவோட பழைய பூட்ஸுக்குள்ள
இது இருந்துச்சு.
உள்ள விழுந்தது அவருக்கே தெரியல போல.
கடைசி வரைக்கும் சொல்லிட்டே இருந்தாரு,
நான் எடுக்கல, நான் எடுக்கலன்னு.’

மூக்குக் கண்ணாடிக் கூட்டில் வைத்துக் கொடுத்தாள்.

எர்ணாவூர் உப்புக்காற்றுக்கு
சைக்கிள் செயின் ஒரு மழைக்காலம் தாங்காது.
ஜன்னல் கம்பி, கட்டில் கால், தண்ணீர்க் குழாய்
எல்லாம் பொரிந்து உதிரும் ஊர்.
இதில் ஒரு புள்ளி துரு இல்லை.
விரலில் எண்ணெய் ஒட்டியது.
திருகினேன். ராட்செட் மூன்று முறை சொடுக்கியது.
வெறும் காற்றின்மேல் மூடி
பூஜ்யத்தில் நின்றது,
அரைக்கோடு பிசகாமல்.

முப்பத்தைந்து வருஷம்
யாரோ இறக்கி, துடைத்து, எண்ணெய் விட்டு,
சரிபார்த்து, மறுபடி ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

அவள் என் முகத்தையே பார்த்தாள்.
‘ஆமாம்மா, தெரியாம விழுந்திருக்கும்’ என்றேன்.
‘வரவு வச்சுடறேன்.’
எந்த லெட்ஜரில் என்று அவள் கேட்கவில்லை.

கருவி திரும்பினால் டோக்கனைக் கொடு.
கைப்பையில் துழாவி எடுத்தேன்.
பச்சை பூத்து, எண் மங்கி,
நாலா ஒன்பதா என்று தெரியாமல் இருந்தது.
கொடுப்பதற்கு முன்
சேலைத் தலைப்பால் தேய்த்தேன்,
தேய்த்துக்கொண்டே இருந்தேன்.