வராதவர்கள் பட்டியல்

நோயாளி என்று எழுதக்கூடாதாம், புதிய சுற்றறிக்கை.
ஆங்கிலத்தில் அவர்களுக்கு ஒரு சொல் கிடைத்துவிட்டது.
நான் எனக்குள் தமிழில் தேடினேன்.
வாடிக்கையாளர் என்றால் மளிகைக்கடை.
கட்சிக்காரர் என்றால் வக்கீல் வீட்டு வாசல்.
பயனாளி என்றால்
என்ன பயன் என்று அவர்களே கேட்பார்கள்.
பெயரை மட்டும் பென்சிலால் எழுதி வைத்தேன்.

சாட்ஸ்வொர்த்தில் வியாழக்கிழமை ஊசி நாள்.
ஆறு மணிக்கே வரிசை.
கூரைமேல் ஹடேடாக்கள் அலறும்போது
வரிசையில் எப்போதும் ஒருவர் கேட்பார்:
"இது உங்களுக்கும் கேட்குதுதானே?"
எல்லோரும் சிரிப்பார்கள்.
புதிதாக வந்த தாதி மட்டும் சிரிக்கலாமா என்று
என்னைப் பார்ப்பாள்.

வெல்பெடாக்ட்டிலிருந்து இரண்டு டாக்ஸி மாறி
நொன்டோபெகோ வருகிறார்,
மருத்துவ அட்டையை ரொட்டிப் பையில் சுற்றிக்கொண்டு.
முப்பது வருடம் ஒரு தமிழ் வீட்டில் பாத்திரம் தேய்த்தவர்.
அவர் காதுக்குள் ஒரு குரல் ஜூலுவில் வையும்.
இன்னொன்று, "வாம்மா."
கோப்பில் அதற்கு 'பொருளற்ற ஒலி' என்றிருந்தது.
அது என்ன மொழி, என்ன சொல்கிறது, என்று கேட்டார்.
அன்பாகக் கூப்பிடுகிறது, என்றேன்.
"எங்கே?"
பதினோரு வருட வேலையில்
இந்தக் கேள்விக்கு யாரும் பயிற்சி தரவில்லை.

தயாளன் நாயக்கர் மூன்று மாதத்தில் இரண்டு ஊசி தவறியவர்.
'ஒத்துழையாதவர்', பக்கத்தில் ஒரு கட்டம்.
டிக் போடுமுன் ஆளைப் பார்ப்போமே என்று
சாப்பாட்டு நேரத்தில் பேவியூ மேடு ஏறினேன்.
அறுபத்தெட்டுப் படி.
அக்காள் வீட்டுக்குப் பின்னால் தகரக்கூரை அறை.
உள்ளே மூன்றடுக்குக் கல்யாணக் கேக்,
அதைச் சுற்றி ஈ ஓட்டியபடி அவர்.

"ஊசி போட்டால் பத்து நாள் கை நடுங்கும்.
ரோஜா நடுங்கினால் பெண்வீட்டார் காசைக் குறைப்பார்கள்."
போடாவிட்டால்?
"மூணாம் வாரம் சுவர் பேச ஆரம்பிக்கும்.
அதற்குள் தாலி ஏறிவிடும்."
சுவரில் நாட்காட்டி.
சிவப்பில் மணப்பெண்கள் பெயர்,
நீலத்தில் சுவர் வாய்திறக்கும் நாள்.
எங்கள் கணினியில் இவ்வளவு சுத்தமாக எதுவும் இல்லை.

"ஆடியில் பாருங்கள், புரட்டாசியில், மார்கழியில்.
ஒரு தடவை தவறியிருக்கிறேனா?"

திரும்பி வந்து பதிவேட்டைப் புரட்டினேன்.
ஐந்து வருடம்.
கல்யாணமில்லாத மாதமெல்லாம் அவர் கையெழுத்து,
கொஞ்சம் கோணலாக.

மருந்தளவைக் குறைக்கச் சொல்லி மருத்துவரிடம்
நான் பேசுகிறேன் என்று சொல்லியிருந்தேன்.
நானும் பேசினேன் அக்கா, என்றார்.
அவர் திரையைப் பார்த்தார்,
கையைப் பார்க்கவில்லை.
புறப்படும்போது
விற்க முடியாத ஒரு சர்க்கரை ரோஜாவை
டிஷ்யூவில் மடித்துத் தந்தார்.
இதழ் ஓரமெல்லாம் அலை அலையாக இருந்தது.
உண்மையில் அதுதான் ரோஜா மாதிரி இருந்தது,
ஆனால் அதை அவரிடம் சொல்லவில்லை.

படிவத்தில் 'காரணம்' என்ற இடம் இரண்டு விரல் அகலம்.
ஆடி என்று எழுதினால்
பீட்டர்மாரிட்ஸ்பர்க் அலுவலகத்தில் யாருக்குப் புரியும்?
கட்டம் காலியாகவே கிடக்கிறது.
ரோஜாவை இழுப்பறையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.
திங்கட்கிழமைக்குள்
எறும்பு கண்டுபிடித்துவிட்டது.