பன்னிரண்டு சென்டிமீட்டர்

பின்லாந்தின் ஓவ்லு நகரில் மார்ச். கடல் இன்னும் உறைந்தே கிடக்கிறது.
விடியற்காலை ஐந்தரைக்கு
ஜிம்மில் இரண்டே பேர்,
ரைலி என்கிற நானும் இல்மாரியும்.
நான் தபால் பிரிப்பவள், அவன் பனி வாரும் வண்டி ஓட்டுபவன்.
மே முதல் சனிக்கிழமை இருவருக்கும் ஒரே மேடை.

ஒரே கம்பி என்று சொல்ல வந்தேன். அதுவும் இல்லை.
அவன் கம்பி இருபது கிலோ, என்னுடையது பதினைந்து.
ஐந்து முறை தூக்கிவிட்டு
அவன் ஜன்னலோரம் போய் நிற்பான்,
மூன்று நிமிடம், நான்கு நிமிடம்,
பழைய ரயில்போல மூச்சு விட்டுக்கொண்டு.
அதற்குள் நான் இன்னொரு சுற்று முடித்திருப்பேன்.
"உனக்குக் களைப்பே வராதா?"
வரும்.
சர்க்கரை கேட்டு வரும் அடுத்த வீட்டுக்காரி மாதிரி
வாசலோடு போய்விடும்.

சுவரில் இரண்டு தாள்கள்,
போன வருடம் நடுவர்கள் எழுதிக் கொடுத்தவை.
அவனுடையது: இன்னும் முதுகு. இன்னும் தொடை. இன்னும்.
என்னுடையது: தோள் கொஞ்சம் அதிகம்.
முகத்தில் அயர்ச்சி. நடையில் நளினம் போதாது.
அந்தக் கொஞ்சம் எத்தனை கிராம்?
எங்கள் தபால் நிலையத்தில்
ஒரு வாழ்த்து அட்டைக்குக்கூடத் தராசு உண்டு.

ஆகவே ஜனவரியிலிருந்து என் தோளைப் பட்டினி போடுகிறேன்.
நான்கு வருடம் ஊட்டி வளர்த்த தோள்.
செவ்வாய்தோறும் அவன் கம்பியைத் தலைக்கு மேல் தள்ள
நான் மல்லாந்து இடுப்பைத் தூக்குகிறேன்,
பின்தொடை, பிட்டம், மறுபடி பிட்டம்.
கைகள் இரண்டும் பக்கத்தில் கிடக்கின்றன,
வேலை போனவர்கள் போல.

கொழுப்பு இறங்குகிறது.
அவன் இறங்கும் ஆழத்துக்கு வெகு முன்பே
எனக்குத் தரை தட்டுகிறது.
பிப்ரவரியில் தூரம் வரவில்லை. மார்ச்சிலும் இல்லை.
எலும்பு, என்றாள் மருத்துவர். ஒரே சொல்.
இல்மாரியிடம் சொன்னேன்.
கோழித் துண்டை மென்றபடி வெகுநேரம் யோசித்தான்.
"அப்போது எனக்கு என்ன நின்றுபோகும்?"
ஆசை, என்றேன்.
"ஓ," என்றான். "நான் அதைப் பனிக்காலம் என்று நினைத்திருந்தேன்."

இரவில் சமையலறையில் நடை பழகுகிறேன்,
கண்ணாடி போன்ற செருப்பு,
பன்னிரண்டு சென்டிமீட்டர் குதிகால்.
காலைத் திருப்பி, இடையை ஒடித்து,
தொடை நடுங்காமல், சிரிப்பும் நடுங்காமல்.
அவன் வெறுங்காலில் நிற்பான்.
சிரித்தால் சிரிக்கலாம்.

மே.
இல்மாரி இரண்டு நாளாகத் தண்ணீர் குடிக்கவில்லை.
மேடைக்குப் பின்னால், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே
தொண்ணூற்றொரு கிலோ
சத்தமே இல்லாமல் சரிந்தது.
மற்ற ஆண்கள் உடம்புப் பூச்சு கலையுமே என்று
கைகளை அகல விரித்துக்கொண்டு நின்றார்கள்,
காயப்போட்ட சட்டைகள் மாதிரி.
நான் குனிந்தேன். செருப்பைக் கழற்ற நேரமில்லை.
அவன் கையை எடுத்து என் தோளில் போட்டேன்,
அந்தக் கொஞ்சம் அதிகமான தோளில்.
நிமிர்ந்தேன்.
மருத்துவ அறை வரை நாற்பது அடி இருக்கும்.
எப்படி நடந்தேன் என்று யாரும் மதிப்பெண் போடவில்லை.

முப்பத்தேழு, என்று அழைத்தார்கள். என் எண்.
வலது தோளில் பழுப்புப் பூச்சு பெயர்ந்து
ஐந்து விரல்கள் வெளுப்பாய்ப் பதிந்திருந்தன.
அழிக்கத் துணி தேடினாள் ஒரு பெண். வேண்டாம் என்றேன்.
திரும்பி நின்றேன். சிரித்தேன். காத்திருந்தேன்.

நான்காம் இடம்.
தாளில்: பூச்சு சீராக இல்லை. தோள்
அதற்குப் பிறகு கையெழுத்து விளங்கவில்லை.

சலைன் ஏறும் கையோடு
இல்மாரி அதை விளக்குக்கு நேராகப் பிடித்தான்,
சாய்த்தான், தலைகீழாக்கிப் பார்த்தான்.
நான் அவன் கட்டிலோரம் உட்கார்ந்து
ஒரு செருப்பை மட்டும் கழற்றிவிட்டு
கருப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன்,
விரல் பருமனுக்கு.