எட்டு இரண்டு முதல் எட்டுப் பதினேழு வரை

வேல்ஸ் மலைப்பாதையில்
வைப்பர் தள்ளத் தள்ள மழை திரும்பி வருகிறது.
இன்று மூன்று வீடுகள். மூன்று கோப்புகள்.
பாதுகாப்பு, தரம், கண்ணியம்,
தலைப்புக்கு நாலு கட்டம்.

முதல் வீடு கொரோன்வி பிரைசுடையது.
முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவருக்கு
நாற்காலியிலிருந்து கழிப்பறை வரை
ஒரே ஒரு நிறுத்தம் போய்வர
இப்போது ஆள் வேண்டும்.

முதலில் பிரிட்ஜைத் திறப்பேன்.
அதற்குப் பொய் சொல்லத் தெரியாது.
பால் நேற்று வாங்கியது. சூப் டப்பாவில்
கிழமை எழுதி ஒட்டிய சீட்டு.
மாத்திரைப் பெட்டியில் நேற்றுவரை காலி,
நாளையிலிருந்து நிறைவு.
கால் தடுக்காதிருக்கக் கம்பளத்தின் ஓரத்தைத்
தரையோடு சேர்த்து ஒட்டியிருந்தது.
குதிகாலைப் பார்க்கலாமா என்றேன்.
"ஒரு பெண் இப்படிக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று!"
புண் இல்லை. சிவப்புகூட இல்லை.
நகங்கள் வெட்டி, முனை ராவி.

நகம் வெட்டுவது
பராமரிப்பாளரின் வேலை இல்லை.
அதற்கு வேறு ஆள், வேறு வரிசை,
பதினோரு மாதக் காத்திருப்பு.

பதிவேட்டில் நெரிஸின் உருண்டைக் கையெழுத்து,
பக்கம் பக்கமாக ஒரே பாட்டு:
வந்தது எட்டு இரண்டு. போனது எட்டுப் பதினேழு.
குளிப்பாட்டினேன். டீ கொடுத்தேன். நலம்.

நானும் ஏழு வருஷம் இந்த வேலை பார்த்தவள்.
வீங்கிய காலில்
காலுறை ஏற்றவே நாலு நிமிடம் போகும்,
ஒரு காலுக்கு.

"உண்மையில் எத்தனை நேரம் இருப்பாள்?"
"சொல்லக்கூடாது என்றிருக்கிறாள்"
என்று கடிகாரத்தைப் பார்த்தார்
பழைய டிரைவர்.
"முக்கால் மணி. டீ ஆறினால் இன்னும் கொஞ்சம்."

டெக்வென் ஓவனின் வீடு பள்ளத்தாக்குக்கு அப்பால்.
இங்கும் அதே பேனா, அதே நீலம்:
வந்தது எட்டு இருபத்திரண்டு.
போன செவ்வாயும் எட்டு இருபத்திரண்டுதான்.
அன்று அவர் காத்திருந்து பார்த்தார்.
ஈரத்துணியோடு எவ்வளவுதான் படுத்திருப்பது?
தானே கட்டிலிலிருந்து இறங்கினார்.
பிறகு ஓட்டுத்தரையில் கன்னத்தை வைத்து
ரேடியோவில் செய்தி முடிவதையும்
வானிலை முடிவதையும்
ஏதோ ஒரு சமையல் குறிப்பையும் முழுக்கக் கேட்டார்.
"வெங்காயம் பொன்னிறமாகும்போது
கதவு திறந்தது.
அழுதுவிட்டாள், பாவம்.
ஒருத்தரிடமும் சொல்லமாட்டேன் என்றேன்."
என்னிடம் சொல்லிவிட்டதை
அவர் கவனிக்கவில்லை.

கம்பெனி அட்டவணையில்
இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் ஐந்து நிமிடம்.
நான் ஓட்டினேன். பதினெட்டு.
ஆடுகள் குறுக்கே வந்தால்
அவை தீர்மானிக்கிற நேரம்.

மூன்றாம் வீட்டுக்குப் போகவில்லை இன்னும்.
மூடிக்கிடக்கும் தேவாலயத்தின் வாசலில்
காரை நிறுத்தி, தாளை ஸ்டியரிங் மேல் வைத்திருக்கிறேன்.
பாதுகாப்பானதா?
கொரோன்வியின் குதிகால் ஆம் என்கிறது.
டெக்வெனின் கன்னத்தில் மஞ்சளாகி வரும் கன்றல்
வேறு சொல்கிறது.
இரண்டும் ஒரே கையால் நடந்தது.
அங்கே கொடுத்த அரைமணி இங்கே எடுத்தது.
நடுவில் அவள்
ஒரு நிமிடமும் தனக்கென்று வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

எழுதத்தான் வேண்டும்.
விழுந்ததை எழுதினேன். நேரம் பொய் என்று எழுதினேன்.
நெரிஸ் என்று எழுதும்போது
பேனா ஏனோ மக்கர் செய்தது, உதறினேன்.
'பிற குறிப்புகள்' என்ற கட்டம்
தபால்தலை அளவுதான்.
பதினெட்டு நிமிடம், நானே ஓட்டிப் பார்த்தேன்
என்று தொடங்கினேன்.
கட்டம் முடிந்தது. ஓரத்தில் ஏறினேன்.
தாளைத் திருப்பினால்
பின்பக்கத்தில் எதையும் எழுத வேண்டாம்
என்று அச்சிட்டிருந்தது.
அதன் மேலேயே எழுதிக்கொண்டிருக்கிறேன்.