அடுத்த எண்

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் கீழே
ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில்
ரப்பர் ஏல ஆப்பை நான் எழுதிய நாளில் மழை.
கரண்ட் போய்ப் போய் வந்தது.
உள்ளே வருகிறவருக்கு ஓர் அடையாள எண் வேண்டும்.
கடைசி எண்ணோடு ஒன்றைக் கூட்டு
என்று எழுதிவிட்டுப்
பழம்பொரி தின்னப் போனேன்.

ஐப்பசி முழுக்கப் பாலையன் தோற்றார்.
நாலாம் தரம் ஷீட், மூடிய விலை.
ஐந்து மணிக்குத் திறந்தால்
எதிர்க்கடை எப்போதும்
கிலோவுக்கு இருபத்தைந்து பைசா மேலே.
எட்டணாகூட இல்லை, பாருங்கள்.
அந்தக் கால் ரூபாய்தான் அவரைத் தூங்கவிடவில்லை.

"நம்ம ரேட்ட வெளிய சொல்லுயது ஆரு?"

கடையில் ரேட் தெரிந்தவர் இரண்டே பேர்.
முதலாளி தன்னையே சந்தேகப்பட முடியாது.
பன்னிரண்டு வருஷம் எடை எழுதிய கிறிஸ்துதாஸ்
டிபன் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு
அன்றைக்கே இறங்கினான்,
குடையை மறந்து.

லாகை நான் திறந்தது அதற்கும் ஒன்பது நாள் கழித்து.
10:11. எதிர்க்கடைக்காரர் நுழைகிறார். 71204.
10:14. பாலையன் நுழைகிறார். 71205.
10:20. 71205 தன் விலையைத் திரும்பப் பார்க்கிறது,
எதிர்க்கடைக் கம்ப்யூட்டரில் இருந்து.

பூட்டு உடையவில்லை.
பாஸ்வேர்டை யாரும் யாரிடமும் கேட்கவில்லை.
தன் எண்ணின் வாலில்
நாலை அழித்து ஐந்து போட்டிருக்கிறார்.
நான் எழுதிய வரி எழுந்து நின்று
வாங்க பாலையன், உட்காருங்க என்றிருக்கிறது.
இருபத்தேழு முறை.

திருத்தப் பதினோரு நிமிஷம்.
இப்போது வருவது முப்பத்திரண்டு எழுத்து,
முன்னதுக்கும் பின்னதுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.
எழுதிய எனக்கே அடுத்தது தெரியாது.
"கொள்ளாம் பிள்ளே" என்றார் பாலையன்.
கிறிஸ்துதாஸ் பெயரை அவர் எடுக்கவில்லை.
ஆணியில் தொங்கிய குடையைக் கேட்டேன்,
"கொண்டு போ" என்றார்.

குலசேகரம் பஸ். மடியில் அந்தக் குடை.
அவனிடம் சொல்ல வேண்டியதை
ஆற்றூரில் ஒரு மாதிரி,
திருவட்டாறில் வேறு மாதிரி
மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறேன்.
எதற்கும் கதவு திறக்கவில்லை.

கையில் டிக்கெட், 58816.
டிக்கெட்டுக்கு வரிசை பரவாயில்லை,
அதைக் காட்டி யாரும்
இன்னொருவர் வீட்டுக்குள் நுழைவதில்லை.
இருந்தாலும்
எனக்கு முன்னால் ஏறி
ஜன்னலோரம் தூங்குகிறவரின் எண்
கேட்காமலே தெரிகிறது.