காவல் முறை, திருத்தம் மூன்று

மூன்று நீரிறைக்கும் மோட்டர், ஒரு சினைப்பசு,
கோயில் உண்டியலின் பூட்டு.
உண்டியலை விட்டுவிட்டுப் போனார்கள்,
அதற்குள் ஒன்றும் இருக்கவில்லை.
இவ்வளவும் நடந்த பிறகுதான்
தருமபுரம் மூன்றாம் வாய்க்கால் விழிப்புக் குழு
என்னிடம் ஒரு செயலி கேட்டது.

கொப்பியில் முறை எழுதினால்
வில்வரத்தினத்தாரின் மருமகனுக்கு
மழை நாளே விழுவதில்லையாம்.
போன் முகம் பார்க்காது தங்கச்சி,
நீ செய்து தா என்றார்கள்.

கிளிநொச்சியில் வாடகை அறை.
ஒரு பக்கம் மட்டும் திரும்பும் மின்விசிறி.
நூற்றுப் பதினேழு வீடு, ஏழு இரவு,
இரவுக்கு நான்கு பிரிவு, பிரிவுக்கு மூன்று பேர்.
பத்து நாளுக்கொருக்கா முறை வரும். லேசான கணக்கு.
விதியை ஒரே வரியில் எழுதினேன்.
அதையே திரையின் தலைப்பாகவும் போட்டேன்,
பெரிய எழுத்தில், பச்சையில்:
வீட்டுக்கு ஒருவர்.

முன்பள்ளி மண்டபத்தில் வெள்ளைச் சீலை கட்டி
புரொஜெக்டரில் காட்டினேன்.
அதுவரை இருமிக்கொண்டிருந்தவரும் இருமவில்லை.
புவனமலர் எழும்பினா.
வாசலில் தன் செருப்பைத் தேடினா, கனநேரம்,
பிறகு செருப்பில்லாமலே போனா.
பின்னால் இன்னும் நாலு பேர்.

நான் வயர் கழன்றுவிட்டதோ என்று பார்த்தேன்.

எனக்கு அப்போது ஆறு வயது.
எங்கள் வீட்டில் மூத்தது நான்தான்;
ஆறு வயதை ஒருவரும் கேட்டு வரவில்லை.
அந்தச் சொல் எந்தெந்தப் படலையைத் தட்டியது,
யாரைக் கிணற்றுக்குள் இறக்கி ஒளித்தது,
யாருக்கு ஒரே கிழமையில் தாலி கட்டிவைத்தது,
ஒன்றும் தெரியாமல்
அதே படலைகளுக்கு அதை நான்
அறிவித்தல் மணியோடு அனுப்ப இருந்தேன்.

இரண்டாம் திருத்தத்தில்
'குடும்பத்துக்கு ஒரு முறை' என்று மாற்றினேன்.
றெஜினோல்ட் சிரித்தான்:
சட்டையை மாத்தினா ஆள் மாறுமோ?

சரி. வீட்டையே அழித்தேன்.
குடும்ப இலக்கம் போனது. குடும்பத் தலைவர் பெயர் போனது.
'தலைவர் வீட்டில் இருக்கிறாரா' என்ற பெட்டியை
அழிக்கும்போதுதான் கவனித்தேன்:
கடதாசிப் படிவத்தில் பதினெட்டுப் பேர்
'வருவார்' என்று எழுதித் தந்திருந்தார்கள்.
பெட்டி ஆம், இல்லை இரண்டைத்தான் வாங்கும்.
பதினெட்டையும் நான்
'இல்லை' என்று ஏற்றியிருந்தேன்.
தேநீர் குடித்துக்கொண்டு. ஒரு பின்னேரத்துக்குள்.

மிஞ்சியது ஒரு கேள்வி:
எந்த நேரம் நீங்கள் முழிப்பு?

இரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை
ஒருவரும் வரமாட்டார்கள் என்று பயந்து
அந்தப் பிரிவுக்கு மட்டும் இரட்டைப் புள்ளி வைத்தேன்.
ஞாயிறு காலை திறந்தால்
முதலில் நிரம்பியது அதுதான்.
நாற்பத்தொரு பேர். முதல் பெயர் புவனமலர்.
குறிப்புப் பெட்டியில் எழுதியிருக்கிறா:
புள்ளி வேண்டாம் பிள்ளை,
நான் எப்பிடியும் படலையடியிலதான்.

பத்து மணிப் பிரிவுக்கு ஆளில்லை.
அந்நேரம் எல்லா வீட்டிலும் தொடர் நாடகம் போகிறது.
கள்ளனும் பார்ப்பான் என்று நம்பி
இப்போதைக்கு அதை
வெறுமையாக விட்டிருக்கிறேன்.