பழுதுக் குறிப்பு

கம்பி மேலே இருந்த காலத்தில்
பழுது கண்ணுக்குத் தெரியும்.
முறிந்து சாய்ந்த பிர்ச் கிளை,
உறைபனி ஏறித் தொய்ந்த வளைவு,
நாரை கூட்டுக்கென்று கொண்டுவந்த ஈரக் குச்சி.
அண்ணாந்து பார்த்தால் போதும்.
கழுத்துதான் வலிக்கும்.

நாலு வருஷம் முன்பு எல்லாவற்றையும் புதைத்தோம்.
கம்பங்களைப் பிடுங்கினோம்,
நாரை குடியிருந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டு.
இனி புயலுக்கு இங்கே வேலையில்லை என்றார் பொறியாளர்.
சரிதான்.
புயலுக்கு இல்லை.

நவம்பர். இரவு பதினொன்று.
லாட்கலேயின் ஏரிகளுக்கு நடுவே முப்பத்தேழு வீடு இருட்டு.
ஏதோ ஒரு தொழுவத்தில் கறவை எந்திரம் பாதியில் நின்றுபோய்
மாடுகள் கத்துவது சாலைவரை கேட்கிறது.
இமாண்ட்ஸ் கேபிளின் இரு நுனியையும் கழற்றி
பழுதான இழையை வண்டியிலுள்ள பெட்டியோடு கோர்க்கிறான்.
நான்கு நொடிக்கு ஒரு முறை
பெட்டி தான் சேர்த்ததையெல்லாம் ஒரே அடியாக உள்ளே தள்ளும்.
காயம் எங்கேயோ அங்கே அது வெடிக்கும்,
ஒரு மீட்டர் ஆழத்தில், களிமண்ணுக்குள்.
மேலே வந்து சேர்வது
ஒரு தொப்.
அதைக் கேட்கத்தான் நான்.

காதில் ஹெட்ஃபோன், கையில் கோலின் நுனியில் ஒலிவாங்கி.
நடக்கிறேன், ஊன்றுகிறேன், மூச்சை அடக்குகிறேன்.
பூட்ஸுக்கடியில் நொறுங்கும் பனிப்பொருக்கு,
எங்கோ போகும் மர லாரி,
என் ரத்தமே காதுக்குள் ஓடுவது,
எல்லாம் கேட்கும்.
இவை அல்லாத ஒன்று வேண்டும்.

அறுநூறு மீட்டர். பீட்ரூட் வயல், வேலி, ஒரு முற்றம்.
ஆப்பிள் மரத்தருகே
தொப்.
இரண்டடி தள்ளிப் போனால் மங்குகிறது.
திரும்பினால்
தொப்.
விளக்கடித்துப் பார்த்தேன். வட்டமாய் அடுக்கிய கற்கள்,
நடுவில் ஒரு கழுத்துப்பட்டை, துருப்பிடித்த தட்டு.

விட்டோல்ட்ஸ் இரவுச் சட்டைமேல் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
"ஆழமாய்த் தோண்டினேன், நரி கிளறக் கூடாதென்று.
மண்வெட்டி எதிலோ வழுக்கியது. கறுப்பாய், மொழுமொழுவென்று.
கீறல்தான், நகத்தளவு.
வீட்டில் விளக்கு அணையவில்லை. மூடிவிட்டேன்."
எப்போது?
"இரண்டு குளிர்காலம் ஆயிற்று. டுக்சிஸுக்கு அப்போது பதினாலு வயசு."

எச்சரிக்கை நாடா கண்ணில் படவில்லையா என்று
இமாண்ட்ஸ் வாயெடுத்தான்.
அவன் காலை மிதித்தேன்.

நகத்தளவு கீறலுக்குள்
இரண்டு வசந்தத்தின் பனி உருகி இறங்கியிருக்கிறது,
சொட்டுச் சொட்டாய், அவசரமில்லாமல்,
இருபதாயிரம் வோல்ட்டை நோக்கி.

எந்திரம் வேண்டாம், கையால் தோண்டலாம் என்றேன்.
கற்களை அவரே எடுத்தார்.
போர்வைக்குள் இருந்ததைப் போர்வையோடு தூக்கி
மரத்தின் அந்தப் பக்கம் கொண்டுபோனார்.
அங்கே கேபிள் இல்லை,
எவ்வளவு ஆழம் வேண்டுமானாலும் போங்கள்.
அவரிடம் நான் சொன்ன ஒரே ஆறுதல் அதுதான்.

பிறகு என் வேலை.
கெட்ட பகுதியை வெட்டியெறிந்து,
தோலை அடுக்கடுக்காய்ச் சீவி, ஆல்கஹாலில் துடைத்து,
நடுவே புதுத் துண்டொன்றைச் சேர்த்து இரண்டு இணைப்பு.
விரல் வியர்வைகூடப் படக்கூடாது.
வானமோ மழையும் பனியுமாய்த் தூறுகிறது.
தார்ப்பாயின் ஒரு முனையை விட்டோல்ட்ஸ் தூக்கிப் பிடித்தார்,
கை மாற்றாமல், நாலு மணிவரை.
நீலத் தீயில் உறை சுருங்கிக் கேபிளைக் கவ்வியது.

ஐந்து மணி சுமாருக்கு மாடுகளின் கத்தல் அடங்கிற்று.
மின்சாரம் போய்ச் சேர்ந்துவிட்டதென்று
அப்படித்தான் தெரிந்துகொண்டோம்.

வண்டிக்குள் படிவம். காரணம் என்ற கட்டத்துக்கு
அச்சடித்து வைத்திருக்கும் சொற்கள் ஏழு.
'பிறர் தோண்டியதால்' என்று குறித்தால்
இரண்டு இணைப்புக்கும் ஒரு ராத்திரிக்கும்
இந்த வீட்டு விலாசத்துக்குப் பில் வரும்.
ஐந்தாவது சொல்லை வட்டமிட்டேன்.
ஈரம்.
பொய்யில்லை.

இமாண்ட்ஸ் எட்டிப் பார்த்தான்.
வண்டியை எடு என்றேன்.