உணவு: கச்சா எண்ணெய்

செவ்வாய்க்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.
ஒரு பாக்டீரியா, நான்கு பக்கம், படம் தனித்தாளில்.
வகுப்பில் பாதிப்பேர் ஈகோலியை எடுத்துக்கொண்டார்கள்.
நான் அல்கானிவோராக்ஸ் என்றேன்.
எழுத்துப் பிழைக்கு மார்க் குறைப்பேன்
என்றார் ஜெஸிந்தா மிஸ்.

ஃபஹாஹீலில் ஜன்னல் திறக்க முடியாத மே மாதம்.
ஏசி சொட்டும் வாளிக்குப் பக்கத்தில்
எழுதிக்கொண்டிருக்கிறேன்.
வடிவம், கோல்.
கிராம் சாயமேற்றினால் ஊதா நிற்காது, இளஞ்சிவப்பு.
கசையிழை இல்லை.
கடல் உப்பு இல்லாமல் வளராது.
சர்க்கரை வைத்தாலும் தொடாது,
கச்சா எண்ணெய் தின்னும்.

சுத்தமான தண்ணீரில்
இருக்கிறதா என்றே தெரியாத அளவுக்குச் சொற்பம்.
எங்கோ ஒரு குழாய் உடைந்தால் போதும்,
சில நாளில் அந்தப் பக்கமெல்லாம் இதுதான்.

ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வாப்பா வந்தார்.
பூட்ஸை வாசலுக்கு வெளியே விட்டாலும்
வாசனை உள்ளே வந்துவிடும்.
தோளுக்குப் பின்னால் நின்று படித்தார்.

"எண்ணெயத் திங்குமா? சம்பளம் கேக்காதா?"
கேட்காது.
"அப்ப எங்கள வீட்டுக்கு அனுப்பிருவான்."
சிரித்தபடி சட்டையைக் கழற்றினார்.
கழுத்தில் முகமூடிப் பட்டையின் தடம்.
"அஹ்மதியில ஒரு டேங்க்கு,
அடிக் கசடு மட்டும் முழங்கால் வரைக்கும்.
எத்தன நாள்ல முடிக்கும் இது?"

புத்தகத்தைப் புரட்டினேன்.
உள்ளே இறங்காது வாப்பா,
அங்கே காத்து இல்லை,
செத்துப்போகும்.

"நாங்க எறங்குறோமே" என்று
துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

ஐந்தாவது வரியாகச் சேர்த்தேன்:
ஆக்சிஜன், கட்டாயம் தேவை.
யாரும் கேட்காத அடிக்கோடு ஒன்று,
பிறகு அதன்மேல் இன்னொன்று.
தாள் லேசாகக் கிழிந்தது.
படம் இன்னும் வரையவில்லை.